முகவரி இல்லாத நாட்களில்

கொஞ்ச காலம் வீடில்லாமல் இருந்தேன் என்று சொன்னதும் பலரும் முதலில் கேட்பது, "ராத்திரி எங்கே தூங்கினீங்க?" என்றுதான். ராத்திரியில் பெரும்பாலும் தூங்கவில்லை. தெருவில் இருக்கும் பெண்கள் பலர் இரவில் தூங்குவதில்லை. விளக்கு எரிகிற, ஆள் நடமாட்டம் உள்ள இடமாகப் பார்த்து, உட்கார்ந்தும் நடந்தும் பொழுதை ஓட்டிவிட்டு, விடிந்த பிறகு ஏதாவது ஒரு மூலையில் கண்ணயர்வார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். பேருந்து நிலையம், பெரிய மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம், மறுபடியும் பேருந்து நிலையம். பகலில் பொது நூலகம்.

அந்த நாட்களில் முன்பின் தெரியாத சிலர் எனக்குச் செய்த உதவிகளை எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் யாரும் என்னைத் தங்கள் வீட்டில் தங்கவைக்கவில்லை, பெரிய தொகை எதுவும் கொடுக்கவில்லை. நாளைக்கு எழுந்து ஒரு வேலையைப் பார்க்க வேண்டியவள் இவள் என்று நினைத்து, அதற்குக் குறுக்கே கிடந்த ஏதோ ஒன்றை எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட உதவி ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த நிறுவனம் கடைசிச் சம்பளத்தைக் கொடுக்காமலேயே மூடப்பட்டது. அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த தோழி அதே சமயத்தில் வேறு ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. முழு வாடகையையும் தனியாகக் கட்ட முடியவில்லை. பெற்றோர் இல்லை, உரிமையோடு போய் நிற்க ஓர் இடமும் இல்லை. கையிருப்பு தீர்ந்ததும் அறையைக் காலி செய்தேன். பிறகு தெருவில் நான் பேசிப் பழகியவர்களின் கதைகளும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருந்தன. வேலை, உறவு, உடல்நலம் இந்த மூன்றில் இரண்டு ஒரே நேரத்தில் கைவிட்டிருக்கும்.

நேராகத் தெருவுக்கு வந்துவிடவில்லை. முதலில் தெரிந்தவர்கள் வீடுகள். இங்கே நாலு நாள், அங்கே ஒரு வாரம், யாருடைய கூடத்திலோ ஒரு பாய். காலையில் எல்லோருக்கும் முன்பே எழுந்து பாயைச் சுருட்டிவிட்டு, எவ்வளவு குறைவாக இடம் அடைக்க முடியுமோ அவ்வளவு குறைவாக அடைத்துக்கொண்டு இருப்பது. அந்தக் கட்டத்தில் நான் என்னை வீடற்றவள் என்று நினைக்கவேயில்லை. ஆனால் ஐரோப்பாவில் வீடற்றோருக்காக வேலை செய்யும் அமைப்புகளின் கூட்டமைப்பான ஃபீயான்ட்சா 2005ல் ஒரு வகைப்பாட்டைக் கொண்டுவந்தது. கூரையே இல்லாதவர்கள், தற்காலிக விடுதிகளிலும் காப்பகங்களிலும் இருப்பவர்கள், எப்போது வேண்டுமானாலும் போக வேண்டியிருக்கும் இடத்தில் இருப்பவர்கள், மனிதர் வாழத் தகாத இடத்தில் இருப்பவர்கள் என்று அது நான்கு வகை சொல்கிறது. வேறு போக்கிடம் இல்லாமல் தெரிந்தவர் வீட்டுக் கூடத்தில் படுத்திருப்பவரும் அந்தக் கணக்கில் வருகிறார்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்போது யாராவது அந்தக் கட்டத்தில் இருந்தால், உதவி கேட்க வேண்டிய நேரம் அதுதான். அப்போது கையில் மாற்றுத் துணி இருக்கும், போன் வேலை செய்யும், ஒரு முகவரி இருக்கும், ராத்திரி தூங்கியிருப்பீர்கள். தெருவுக்கு வந்துவிட்டால் இந்த நாலும் ஒவ்வொன்றாகப் போகும். ஒவ்வொன்று போகும்போதும் மற்றதைத் திரும்பப் பெறுவது கடினமாகும்.

தூக்கம் போவதன் விளைவை நான் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். 17 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிடும் என்று 2000ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அது ஒரே ஒரு நாள் தூங்காததைப் பற்றியது. நாள்கணக்கில் அரைத்தூக்கத்தில் இருப்பவரிடம், படிவத்தை நிரப்பு, வரிசையில் நில், கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல் என்றால் அவர் தடுமாறுவார். எதிரே இருப்பவர் அதைப் பார்த்து, குடித்திருக்கிறார் என்றோ புத்தி சரியில்லை என்றோ முடிவு கட்டிவிடுவார். ஓர் அலுவலகத்தில் என் பிறந்த தேதியைக் கேட்டபோது எனக்கு உடனே சொல்ல வரவில்லை. அங்கே இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

பேருந்து நிலையத்தில் நீட்டிப் படுக்கவும் முடியாது. இருக்கைகளின் நடுவில் இரும்புக் கைப்பிடி வைத்திருப்பார்கள். யாரும் அதில் படுத்துவிடக் கூடாது என்பதற்காகவே உலகம் முழுக்க இப்படி இருக்கைகள் செய்கிறார்கள். களைத்துப்போன ஒரு கர்ப்பிணியோ நோயாளியோகூட அதில் சாய முடியாது. யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து யோசித்து வரைந்த வடிவம் அது என்று நினைக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அதே நிலையத்தில்தான் அந்த அக்காவும் இருந்தார். கழிப்பறைகளைச் சுத்தம் செய்கிறவர். சில நாளாக என்னைக் கவனித்திருக்கிறார். ஒரு விடியற்காலையில் துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, "ஊருக்குப் போற ஆளு மாதிரி தெரியலையேம்மா நீ" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் துருவவும் இல்லை. "நாளைக்கு நாலரை மணிக்கு வா. நான் கழுவி முடிச்ச கையோட யாரும் வரமாட்டாங்க. கடைசிக் கதவுக்குத்தான் தாழ்ப்பாள் நல்லா விழும். குளிச்சுக்கோ, நான் வெளியில நிக்கறேன்" என்றார்.

குளிப்பதற்குத் தண்ணீர் எங்கேயாவது கிடைத்துவிடும். 'வெளியில நிக்கறேன்' என்று சொல்ல ஆள் கிடைப்பதுதான் அரிது. ஒரு பெண் துணியைக் கழற்றிக் கால் மணி நேரம் பயமில்லாமல் நிற்க வேண்டுமென்றால் கதவுக்கு அந்தப் பக்கம் நம்பிக்கையான ஒருவர் இருக்க வேண்டும். அதன் பிறகு அவர் வேலை நாட்களில் எல்லாம் அந்த நேரத்தில் குளித்தேன், துணி அலசினேன். மாதவிலக்கு வந்தபோது நான் கேட்பதற்கு முன்பே ஒரு நாப்கின் பொட்டலத்தைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். வீடற்றோருக்கு உதவ நினைப்பவர்கள் உணவைப் பற்றி நினைக்கிற அளவுக்கு இதை நினைப்பதில்லை. பட்டினியைக்கூட ஒரு நாள் மறைத்துக்கொள்ளலாம், இதை மறைக்க முடியாது. ஈரத் துணியோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் தோல் வெந்து, தொற்றாகி, காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

பிழைக்கும் வழிகளை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்னைவிட மோசமான நிலையில் இருந்த ஒரு வயதான அம்மா. பல வருடங்களாகத் தெருவில் இருப்பவர். நிலையத்துக்கு வெளியே ஒரு தாழ்வாரத்தில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. குளிர் அதிகமாக இருந்த ஓர் இரவில் நான் வெறும் தரையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்குவதைப் பார்த்துவிட்டு, "மேல எத்தனை போட்டாலும் ஆகாது கண்ணு. கீழ போடு" என்று தன்னிடம் இருந்த அட்டைப்பெட்டிகளில் பாதியைத் தள்ளினார்.

அது முழுக்க உண்மை. நம் உடம்புச் சூட்டைக் குளிர்ந்த தரை இழுத்துக்கொண்டே இருக்கும். மடித்த அட்டை, பழைய செய்தித்தாள் என்று காற்று அடைபட்டிருக்கும் எதையாவது கீழே இரண்டு மூன்று அடுக்காகப் போட்டால்தான் மேலே போர்த்துவதற்குப் பலன் இருக்கும். உடலின் உட்சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது உயிருக்கே ஆபத்து. உளறலும் தள்ளாட்டமும் தொடங்கும், பார்ப்பவர் போதை என்று நினைத்துக் கடந்துபோவார். குளிருக்கு மது நல்லது என்று தெருவில் ஒரு நம்பிக்கை உண்டு. மது ரத்தக் குழாய்களை விரிக்கும், தோலில் சூடு தெரியும், ஆனால் உள்ளே இருக்கிற சூடு வெளியேறிவிடும். அந்த அம்மா இதையெல்லாம் படித்தவர் இல்லை. "குடிச்சிட்டுப் படுத்தவன்தான் காலையில எந்திரிக்கல" என்று சொன்னார்.

அவர் சொன்ன இன்னும் சில: ஈரக் காலுறையோடு தூங்காதே. மாற்றுக் காலுறை ஒன்றை எப்போதும் உடம்போடு ஒட்டி வை, உடம்புச் சூட்டில் காயும். காலைத் தினமும் ஒருமுறையாவது காற்றாட விடு, நடக்க முடியாமல் போனால் எல்லாம் போச்சு. பையின் வாரைக் காலில் சுற்றிக்கொண்டு தூங்கு. செருப்பைத் தலைக்கு அடியில் வை. தனியாக ஒதுங்கிய இடம் அமைதியாக இருக்கிறதே என்று போகாதே, சத்தமாக இருந்தாலும் நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில் இரு.

தன்னிடம் இருப்பதில் பாதியைக் கொடுப்பவர்கள் தெருவில் நிறைய இருக்கிறார்கள். வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. வீடற்றவர்கள் என்றாலே உதவி வாங்குபவர்கள் என்றுதான் எண்ணம். எனக்குக் கிடைத்த முதல் போர்வையும் கடைசி நாள்வரை வைத்திருந்த தண்ணீர் பாட்டிலும் வீடில்லாதவர்கள் கொடுத்தவை.

நூலகத்துக்கு வருகிறேன். பகலில் உட்கார, படிக்க, கழிப்பறை போக, போனுக்குச் சார்ஜ் ஏற்ற, காசு கேட்காத ஒரே இடம் பொது நூலகம். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் எதையும் வாங்கச் சொல்லாத கட்டடம் ஒரு நகரத்தில் வேறு எது இருக்கிறது? நான் மூலையில் இருந்த ஒரு மேசையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவேன். காவலாளி எழுப்பிவிடுவார். தவறில்லை, அவருக்கு அது விதி. ஒரு நாள் அங்கே வேலை பார்க்கும் ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்தார். எழுப்பித் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"தினமும் வர்றீங்க. உங்க பேர் என்ன?" என்றார்.

சொன்னேன். வெகுநாளைக்குப் பிறகு என் பெயரை நானே வாய்விட்டுச் சொன்னது எனக்கே அப்போதுதான் உறைத்தது. அடுத்து அவர் கேட்டதுதான் முக்கியம்: "நீங்க தேடுறது ஏதாவது இருக்கா? நான் எடுத்துத் தரவா?" வேலை தேடுகிறேன் என்றேன். கணினி இருக்கும் இடத்தைக் காட்டினார், பயோடேட்டாவைத் தட்டச்சு செய்யச் சொன்னார், தானே சில பிரதிகள் எடுத்துக் கொடுத்தார். பக்கத்தில் பிளக் பாயின்ட் உள்ள மேசையைக் காட்டி, "இங்க உட்காருங்க, இது அவ்வளவா யார் கண்ணிலயும் படாது" என்றார். அதன் பிறகு தினமும் பெயர் சொல்லி வணக்கம் சொல்வார். அவ்வளவுதான். அந்த வணக்கத்துக்காகவே முகம் கழுவித் தலைவாரிக்கொண்டு போன நாட்கள் உண்டு.

பின்னாளில் ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தபோது இவர்தான் நினைவுக்கு வந்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லசானா ஹாரிஸ், சூசன் ஃபிஸ்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006ல் வெளியிட்டது. பல தரப்பு மனிதர்களின் படங்களைக் காட்டி, பார்ப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். இன்னொரு மனிதரைப் பற்றி யோசிக்கும்போது வழக்கமாகத் தூண்டப்படும் ஒரு பகுதி, வீடற்றவர்களின் படங்களைப் பார்க்கும்போது அந்த அளவுக்குத் தூண்டப்படவில்லை. என்னைத் தாண்டிப் போன ஆயிரம் கண்கள் எனக்கு ஞாபகம் வந்தன. நான் கற்பனை செய்துகொள்ளவில்லை, உண்மையிலேயே பலருடைய பார்வையில் நான் மனுஷியாகப் பதியவில்லை.

ஆனால் அவர்கள் 2007ல் அடுத்த ஆய்வையும் செய்தார்கள். படத்தில் இருப்பவருக்கு எந்தக் காய்கறி பிடிக்கும் என்று யோசிக்கச் சொன்னார்கள். அப்படி யோசித்தபோது அந்தப் பகுதி தூண்டப்பட்டது. இவ்வளவு சின்னக் கேள்வி போதுமாக இருந்திருக்கிறது. இவருக்கு என்ன பிடிக்கும், இவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு நொடி நினைத்தாலே எதிரே இருப்பவர் ஆளாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறார். நூலகத்தில் இருந்தவர் எந்த ஆய்வையும் படித்துவிட்டு வந்து என்னிடம் பேசவில்லை. "உங்க பேர் என்ன, என்ன தேடுறீங்க" என்ற இரண்டும் அவருக்கு இயல்பாக வந்தன.

சரி, வேலைக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. அடுத்த சிக்கல் முகவரி. எந்தப் படிவத்திலும் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட முடியாது. அடையாள அட்டை தொலைந்தால் புதியது வாங்க முகவரி வேண்டும், முகவரிக்குச் சான்று வேண்டுமென்றால் அடையாள அட்டை கேட்பார்கள். போன் எண் செயலிழந்துவிட்டால் வங்கிக் கணக்குக்குள் போக முடியாது, ஏனென்றால் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். இந்தச் சுழலில் சிக்கி வருடக்கணக்கில் வெளியே வர முடியாதவர்களைப் பார்த்திருக்கிறேன். நன்றாகப் படித்தவர்கள், வேலை தெரிந்தவர்கள்.

எனக்கு அந்த முடிச்சை அவிழ்த்தவர் ஒரு மருந்துக்கடைப் பெண். காலில் வந்த புண்ணுக்கு மருந்து கேட்டுப் போய், பேச்சு வளர்ந்து, நிலைமை இதுதான் என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கடை முகவரியைக் குடுங்க. தபால் வந்தா எடுத்து வைக்கறேன். வாரத்துக்கு ஒருமுறை வந்து பாத்துக்கோங்க" என்றார். கடை உரிமையாளரிடமும் சொல்லி வைத்திருந்தார். எனக்கு வந்த கடிதங்களை ஒரு பழைய மருந்துப் பெட்டியில் போட்டு, அதன் மேல் என் பெயரை எழுதி வைத்திருந்தார். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத உதவி. ஆனால் அதன் பிறகுதான் மற்றதெல்லாம் நகரத் தொடங்கியது.

இது மாதிரி நிலைமை தனக்கு வரலாம் என்று லேசாகச் சந்தேகம் இருப்பவர்கள்கூட இப்போதே செய்துவைக்கக்கூடிய சில காரியங்கள் உண்டு. எல்லாச் சான்றிதழ்களையும் அடையாள அட்டைகளையும் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் மனப்பாடமாக இருக்க வேண்டும். போன் தொலைந்தாலும் உள்ளே போக மாற்று வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருடைய போன் எண்களை மனப்பாடம் செய்யுங்கள். அசல் ஆவணங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பையில் வைக்காமல் உடம்போடு ஒட்டி வையுங்கள், பைதான் முதலில் திருடு போகும். கையில் கடைசியாக மிஞ்சும் பணத்தில் போன் எண்ணை உயிரோடு வைத்திருப்பதற்கு ஒரு பகுதியை ஒதுக்குங்கள். முடிந்தால் ஒரு பவர் பேங்க்.

பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். உதவி என்ற பெயரில் வருபவர்கள் எல்லோரும் உதவ வருபவர்கள் இல்லை. "என் இடத்துக்கு வா, தங்கிக்கோ" என்று எனக்கு வந்த அழைப்புகள் குறைவில்லை. எப்படிப் பிரித்து அறிந்தேன் என்றால், நல்ல மனசோடு வந்தவர்கள் நாலு பேர் முன்னிலையில் பேசினார்கள், நான் வேண்டாம் என்று சொன்னால் ஏற்றுக்கொண்டார்கள், வேறொருவரிடம் விசாரித்துக்கொள்ளச் சொன்னார்கள். மற்றவர்கள் அவசரப்படுத்தினார்கள், யாரிடமும் சொல்லாதே என்றார்கள், மறுத்தால் கோபப்பட்டார்கள். வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், அதற்கு எதிரே இருப்பவர் என்ன செய்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். காப்பகம் எதுவாக இருந்தாலும் பகலில் போய்ப் பாருங்கள், அங்கே ஏற்கெனவே தங்கியிருக்கும் பெண்களிடம் பேசுங்கள், அதற்கப்புறம் இரவு தங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

மனசைப் புண்படுத்திய உதவிகளும் உண்டு. தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பி உணவுப் பொட்டலம் கொடுத்து, கூடவே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள் சிலர். நல்ல எண்ணத்தோடுதான் வந்திருப்பார்கள். ஆனால் இரண்டு மணி நேரத் தூக்கம் பொட்டலத்தைவிட அரிதானது, அதை யாரும் திருப்பித் தர முடியாது. பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அந்தப் படத்தில் இருக்கும் ஒருவர் நாளைக்கு வேலைக்கு நேர்காணல் போகலாம், அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கலாம். அப்புறம், விசேஷ நாட்களில் ஒரே நேரத்தில் ஐந்து குழுக்கள் சாப்பாடு கொண்டுவருவார்கள், பாதி வீணாகும். அடுத்த நாள் யாரும் வரமாட்டார்கள். உணவு கொடுக்க நினைப்பவர்கள் ஏற்கெனவே அந்தப் பகுதியில் கொடுத்துக்கொண்டிருப்பவர்களிடம் எந்த நாள், எந்த வேளை காலியாக இருக்கிறது என்று கேட்டால் போதும்.

பணம் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்பது பொதுவான பேச்சு. கனடாவின் வான்கூவர் நகரில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். வீடிழந்திருந்த 50 பேருக்கு ஆளுக்கு 7,500 கனடிய டாலரை எந்த நிபந்தனையும் இல்லாமல் ஒரே தவணையில் கொடுத்துவிட்டு, பணம் கொடுக்கப்படாத 65 பேரோடு ஒரு வருடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2023ல் வெளியான முடிவுகளின்படி, பணம் பெற்றவர்கள் வீடில்லாமல் இருந்த நாட்கள் குறைந்தன, சேமிப்பு கூடியது, மதுவுக்கும் போதைக்கும் செய்த செலவு கூடவில்லை. கடுமையான போதைப் பழக்கமோ மனநல பாதிப்போ உள்ளவர்கள் அந்தச் சோதனையில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அன்றைக்குக் கையில் இரண்டு மாத வாடகையும் அட்வான்ஸும் இருந்திருந்தால் நான் தெருவுக்கே வந்திருக்க மாட்டேன்.

கடைசியில் நான் தெருவிலிருந்து வெளியே வந்ததும் அந்த அட்வான்ஸ் தடை நீங்கியதால்தான். ஒரு கிடங்கில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. அழைப்புக் கடிதம் அந்த மருந்துக்கடைக்குத்தான் வந்தது. ஆனால் முதல் சம்பளம் வர ஒரு மாதம் ஆகும். பகலில் வேலை, இரவில் பேருந்து நிலையம் என்று சில நாள் ஓட்டினேன், உடம்பு தாங்கவில்லை. பெண்கள் விடுதி நடத்தும் ஓர் அம்மாவிடம் போய் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழைப்புக் கடிதத்தை வாங்கிப் படித்தார். "அட்வான்ஸ் வேண்டாம். சம்பளம் வந்ததும் வாடகையைக் குடு" என்று சாவியைக் கொடுத்தார். கூடவே விடுதி விதிகள் எழுதிய தாளையும் மற்றவர்களுக்குக் கொடுப்பது போலவே கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்தக் கையெழுத்து எனக்கு எவ்வளவு பெரிய மரியாதை என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை.

முதலில் திருந்தட்டும், வேலை தேடட்டும், அதற்குப் பிறகு வீட்டைப் பற்றிப் பார்ப்போம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். 1992ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார். முதலில் சாவியைக் கொடுப்பது, சிகிச்சையும் வேலையும் அதற்குப் பிறகு, அதுவும் அவரவர் விருப்பத்தின்படி. பின்லாந்து 2008ல் இதையே நாடு தழுவிய திட்டமாக எடுத்துக்கொண்டு, கூட்டமாகப் படுக்கும் காப்பகங்களை வாடகை ஒப்பந்தத்தோடு கூடிய தனி வீடுகளாக மாற்றியது. 1980களின் இறுதியில் அங்கே 15,000க்கும் மேற்பட்டவர்கள் வீடில்லாமல் இருந்தார்கள். 2023ல் அது 4,000க்கும் கீழே வந்திருந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு ஓர் இரவு தூங்கி எழுந்தால் மனிதருக்கு என்ன ஆகும் என்பதை நான் என் உடம்பிலேயே பார்த்தேன். விடுதிக்கு வந்த முதல் வாரம் வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் தூங்கினேன். இரண்டாவது வாரத்தில்தான் கணக்குகள் பிழையில்லாமல் வர ஆரம்பித்தன. 1948ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 25வது பிரிவு உணவு, உடை, மருத்துவம் ஆகியவற்றோடு சேர்த்து இருப்பிடத்தையும் மனித உரிமையாகவே வைக்கிறது. தனி மனிதர்களின் நல்ல மனசு என்னைக் காப்பாற்றியது என்று நன்றியோடு சொல்வேன். ஆனால் அந்த நல்ல மனிதர்கள் கண்ணில் படாத இன்னொருத்தி என்ன செய்வாள்? அவளுக்கும் கதவு கிடைக்க வேண்டுமென்றால் அது அரசும் நகராட்சியும் செய்ய வேண்டிய வேலை. நாம் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

உதவ வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். நீங்கள் தினமும் கடந்துபோகும் ஒருவரிடம் முதலில் வணக்கம் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்துப் பெயரைக் கேளுங்கள், உங்கள் பெயரையும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பதில் நீங்கள் எதிர்பார்க்காததாக இருக்கலாம். காலுறை, நகவெட்டி, மூக்குக் கண்ணாடி, ஒரு போன் அழைப்பு, ஒரு படிவத்தைப் படித்துச் சொல்வது. கேட்டது உங்களால் முடியாது என்றால் முடியாது என்றே சொல்லுங்கள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது, முடியாது என்பதைவிட அதிகமாக வலிக்கும். ஒருவர் குழறலாகப் பேசி, நடுங்கி, பிறகு நடுக்கம் நின்று மந்தமாகிவிட்டால் அது போதை என்று விட்டுவிட்டுப் போகாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

நான் இப்போது செய்வது தபால் உதவிதான். என் முகவரியை இதுவரை சிலருக்குக் கொடுத்திருக்கிறேன். செய்ய நினைப்பவர்களுக்கு நடைமுறை இதுதான்: வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தபால்காரரிடம் இந்தப் பெயரிலும் கடிதம் வரும் என்று சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். தபால் வாங்கும் முகவரியாக மட்டும்தான் கொடுக்கிறோம், கடனுக்கோ ஜாமீனுக்கோ இல்லை என்று முகவரி வாங்கிக்கொள்பவரிடமும் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். கடிதத்தைப் பிரிக்காதீர்கள். மருந்துக்கடைப் பெண் செய்தது போல வாரத்தில் ஒரு நாளும் நேரமும் குறித்து, அந்த நேரத்தில் கட்டாயம் வீட்டில் இருங்கள்.